கட்டளைக்குள் போகும் பெயர்கள்: ஷெல்லுக்கு மேற்கோள் போடும் விதம்

கொழும்பில் ஒரு கடைக்கோ பாடசாலைக்கோ அச்சகத்துக்கோ மென்பொருள் எழுதுகிறவர் கையில் வந்து சேரும் பெயர்களைக் கொஞ்சம் பாருங்கள். புறக்கோட்டையில் “& சன்ஸ்”, “& கோ” என்று முடியும் கடைகள். கொட்டாஞ்சேனை சென் பெனடிக்ட்'ஸ், பம்பலப்பிட்டி சென் பீற்றர்'ஸ் என்று நடுவில் ஒரு ஒற்றைக் குறியோடு எழுதப்படும் கல்லூரிகள். 45/2 என்பது போன்ற வீட்டு இலக்கங்கள். 1,500/- என்று முடியும் தொகைகள். இவற்றில் விசித்திரம் எதுவும் இல்லை. ஊரில் உள்ளபடி எழுதிய பெயர்கள்தான். ஆனால் சேர்வரில் ஓடும் ஷெல்லுக்கு, அதாவது கட்டளை வரிகளை வாசித்து ஓட்டும் புரோகிராமுக்கு, & என்பது ஒரு உத்தரவு. ஒற்றைக் குறி இன்னொரு உத்தரவு. வெறும் இடைவெளிக்குக்கூட அதனிடம் ஒரு அர்த்தம் உண்டு.

ஒரு புரோகிராம் இன்னொரு புரோகிராமை ஓட்டுவதற்காகக் கட்டளையை ஒரே வரியாக ஒட்டி உருவாக்கும்போதுதான் பிரச்சினை தொடங்குகிறது. வாடிக்கையாளரின் பெயரில் பில்லை பிடிஎஃப் ஆக்கி, அதை வேறொரு சேர்வருக்கு அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலானோர் முதலில் எழுதுவது, கட்டளையின் பெயர், ஒரு இடைவெளி, அப்புறம் வாடிக்கையாளரின் பெயர் என்று மூன்றையும் சேர்த்து ஷெல்லிடம் கொடுப்பதுதான். சோதித்துப் பார்த்த பெயர்கள் எல்லாம் ஒற்றைச் சொல்லாக இருந்தால் அது மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடும்.

கீழே வரும் மாதிரிகளில் கட்டளைகளைத் தமிழிலேயே எழுதுகிறேன். குறிகள் மட்டும் அசலில் உள்ளபடி.

அனுப்பு கந்தசாமி & சன்ஸ்.பிடிஎஃப்

இந்த வரியில் ஷெல் இரண்டு கட்டளைகளைக் காண்கிறது. முதலாவது, “கந்தசாமி” என்ற கோப்பை அனுப்பு, அதையும் பின்னணியில் செய். இரண்டாவது, “சன்ஸ்.பிடிஎஃப்” என்ற புரோகிராமை ஓட்டு. அப்படி ஒரு கோப்பும் இல்லை, அப்படி ஒரு புரோகிராமும் இல்லை. இரண்டு பிழைச் செய்திகள் யாரும் திறந்து பார்க்காத ஒரு லொக் கோப்பில் போய் விழும். கடைக்காரருக்குத் தெரிவது பில் போய்ச் சேரவில்லை என்பது மட்டும். இதே இடத்தில், இணையத்தில் ஓர்டர் கொடுக்கும் ஒருவர் பெயருக்கான கட்டத்தில் ஒரு அரைப்புள்ளியும் அதன் பின்னால் அழிக்கும் கட்டளை ஒன்றும் எழுதினால் அதையும் ஷெல் ஓட்டும். கந்தசாமியின் பில் தொலைவதும் சேர்வர் களவு போவதும் ஒரே ஓட்டை வழியாகத்தான். இதை வெறும் பாதுகாப்புப் பிரச்சினை என்று ஒதுக்கி, “எங்கள் கடையை யார் தாக்கப்போகிறார்கள்” என்று இருந்துவிட முடியாது. தாக்க யாரும் வராவிட்டாலும் & சன்ஸ் வருவார்.

ஷெல் ஏன் இப்படி நடக்கிறது என்றால், அது மனிதர்கள் விசைப்பலகையில் அடிப்பதற்காகச் செய்த மொழி. ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல் 1979இல் யுனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்போடு வந்தது. இன்றைய பாஷ் உட்படப் பல ஷெல்கள் அதன் இலக்கணத்தைத்தான் பின்பற்றுகின்றன. நட்சத்திரக் குறி போட்டால் எல்லாக் கோப்பும், டொலர் குறி போட்டால் மாறியில், அதாவது பெயரிட்டுச் சேமித்து வைத்த இடத்தில், உள்ள மதிப்பு, பேக்டிக் (`) குறிகளுக்குள் போட்டால் இன்னொரு கட்டளையின் விடை. அடிக்கிறவருக்கு இவை எல்லாம் வசதிகள். தான் என்ன அடிக்கிறோம் என்று அவருக்குத் தெரியும். புரோகிராம் வரியை ஒட்டும்போது, வரியின் எந்தப் பகுதி நாம் எழுதியது, எந்தப் பகுதி வெளியிலிருந்து வந்த பெயர் என்ற வேறுபாடு அழிந்துபோகிறது. ஷெல் கையில் கிடைப்பது ஒரே வரி. அதை அது ஒரே கண்ணால் படிக்கிறது.

தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு இதில் இன்னொரு அடுக்கும் உண்டு. இலங்கையில் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பாமினியில் அடித்த ஆவணங்கள் ஆண்டுக்கணக்காகக் குவிந்திருக்கின்றன. பாமினி யுனிகோட் எழுத்துரு அல்ல. ஆங்கில விசைகளின் குறியீடுகள் மேல் தமிழ் உருவங்களை வரைந்து வைத்த எழுத்துரு அது. திரையில் தமிழ் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும். அதில் மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளிக்கு வைத்திருப்பது அரைப்புள்ளி. ஷெல்லில் ஒரு கட்டளையை முடித்து அடுத்ததைத் தொடங்கும் அதே அரைப்புள்ளி. தமிழில் புள்ளி வைத்த எழுத்து இல்லாமல் நாலு சொல் எழுத முடியாது. போதாதற்கு “கூ” டொலர் குறியில் இருக்கிறது, “ரூ” & குறியில், “ஹ” பேக்டிக்கில், “ஷ” பேக்ஸ்லாஷில் (\), “ஈ” இடப்பக்கக் கோணக் குறியில், “ஜ”வும் “ஸ”வும் சதுர அடைப்புகளில். ஷெல் தனக்கென்று எடுத்துவைத்திருக்கும் குறிகளில் பெரும்பகுதி பாமினியில் நம் எழுத்துகள்.

ஒரு பழைய தரவுத்தளத்தில் அறிக்கைத் தலைப்பு “கூட்டம்” என்று பாமினியில் இருக்கிறது, புரோகிராம் அந்தத் தலைப்பையே கோப்பின் பெயராக எடுக்கிறது என்றால் என்ன நடக்கும்? உள்ளே உள்ள எழுத்துகள் வரிசையாக: டொலர், எல், அரைப்புள்ளி, எல், கே, அரைப்புள்ளி. எல், கே என்ற ஆங்கில எழுத்துகளை இங்கே தமிழில் எழுதிக் காட்டுகிறேன்:

அனுப்பு $எல்;எல்கே;.டொக்

ஷெல் முதலில் அரைப்புள்ளிகளில் வெட்டி மூன்று கட்டளைகளாக்கும். முதல் துண்டில் “எல்” என்ற மாறியின் மதிப்பைத் தேடும். அப்படி ஒன்று இல்லாததால் அந்த இடம் வெறுமையாகும், “அனுப்பு” எந்தப் பெயரும் இல்லாமல் ஓடும். பிறகு “எல்கே” என்ற புரோகிராமைத் தேடும். அப்புறம் “.டொக்”கைத் தேடும். சரி, இரட்டை மேற்கோள் போட்டால் தீருமா?

அனுப்பு "$எல்;எல்கே;.டொக்"

அரைப்புள்ளிகள் அடங்கிவிட்டன. டொலர் அடங்கவில்லை. இரட்டை மேற்கோளுக்குள்ளும் டொலர், பேக்டிக், பேக்ஸ்லாஷ் மூன்றும் தங்கள் வேலையைச் செய்யும். மாறி வெறுமையாகி, பெயர் “;எல்கே;.டொக்” என்று சுருங்கும். கூட்டத்தின் “கூ” போய்விட்டது. ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்றைக் கையால் எழுதும்போது மாறியைச் சுற்றி இரட்டை மேற்கோள் போடுவது சரியான பழக்கம்தான். அங்கே மாறியின் மதிப்பை ஷெல் மறுபடி பிரித்துப் பார்ப்பதில்லை. ஆனால் பெயரையே வரிக்குள் எழுதி ஒட்டும்போது இரட்டை மேற்கோள் அரைக் காவல்.

இந்த இடத்தில் பலர் பிடிக்கும் குறுக்கு வழி, ஆபத்தான குறிகளை எல்லாம் பெயரிலிருந்து நீக்கிவிடுவது. அரைப்புள்ளியை எடு, டொலரை எடு, & குறியை எடு. இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பாமினியில் இருக்கும் “தமிழ்” என்ற சொல்லிலிருந்து அரைப்புள்ளியை எடுத்தால் மிஞ்சுவது “தமிழ”. “கந்தசாமி” என்பவர் “கநதசாமி” ஆகிவிடுவார். பெயர் எழுதிய மனிதர் எந்தத் தவறும் செய்யவில்லை. அவருடைய பெயரைத் திருத்தும் உரிமை ஒரு பில் புரோகிராமுக்குக் கிடையாது. நீக்கும் பட்டியல் முழுமையாக இருப்பதும் அரிது. வரிமுறிவை மறந்திருப்பார்கள், அல்லது பெயரின் தொடக்கத்தில் வரும் கழித்தல் குறியை. பெயர் எப்படி வந்ததோ அப்படியே, ஒரு பைட்டும் மாறாமல் மறுபக்கம் போய்ச் சேர வேண்டும். மேற்கோள் போடுவதன் நோக்கமே அதுதான்.

யுனிகோட் தமிழில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. யுனிகோடைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். அந்த மூன்றில் ஒன்றுகூட ஆங்கிலக் குறிகளின் எல்லைக்குள் வராது. 1992இல் கென் தாம்சனும் ரொப் பைக்கும் அந்த முறையை வகுத்தபோது இதற்கென்றே அப்படி அமைத்தார்கள். ஆகவே பழைய தரவை யுனிகோடுக்கு மாற்றுவது இந்தப் பக்கத்தாலும் நல்லது. இடைவெளியும் & குறியும் ஒற்றைக் குறியும் மட்டும் அப்போதும் இருக்கும்.

இனி, சரியான முறை. போர்ன் வழி வந்த ஷெல்களில் ஒற்றை மேற்கோளுக்குள் எந்தக் குறிக்கும் விசேட அர்த்தம் கிடையாது. டொலர், பேக்டிக், பேக்ஸ்லாஷ், நட்சத்திரம், வரிமுறிவு எல்லாம் வெறும் எழுத்துகள். ஒரே ஒரு விதிவிலக்கு ஒற்றை மேற்கோள்தான். அது வந்ததும் மேற்கோள் முடிந்துவிடும். உள்ளே அதைத் தப்பவைக்க வழியே இல்லை, பேக்ஸ்லாஷ் போட்டாலும் கேட்காது. அதனால்:

அனுப்பு 'சென் பெனடிக்ட்'ஸ் பில்.பிடிஎஃப்'

என்பது உடைந்துவிடும். “பெனடிக்ட்” முடிந்த இடத்தில் மேற்கோள் மூடிவிட்டது. கடைசியில் உள்ள குறி புதிதாக ஒரு மேற்கோளைத் திறந்து வைத்துவிட்டது. இதற்குத் தீர்வு, மேற்கோளை மூடி, வெளியே வந்து பேக்ஸ்லாஷோடு ஒரு ஒற்றைக் குறியை வைத்து, மறுபடி மேற்கோளைத் திறப்பது:

அனுப்பு 'சென் பெனடிக்ட்'\''ஸ் பில்.பிடிஎஃப்'

நடுவில் இடைவெளி விடாததால் மூன்று துண்டையும் ஷெல் ஒரே சொல்லாகச் சேர்த்துக்கொள்ளும். விதி இவ்வளவுதான்: பெயரிலுள்ள ஒவ்வொரு ஒற்றைக் குறியையும் இந்த நான்கு குறிகளால் மாற்று, பின்பு முழுவதையும் ஒற்றை மேற்கோளுக்குள் வை. வெறுமையான பெயருக்கும் இரண்டு ஒற்றைக் குறிகளைக் கட்டாயம் போட வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடமே காணாமல்போய், அடுத்து வருவது முன்னால் நகர்ந்துவிடும். ஒவ்வொரு குறிக்கும் முன்னால் பேக்ஸ்லாஷ் வைக்கும் முறையும் உண்டு. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பேக்ஸ்லாஷுக்கு அடுத்து வரிமுறிவு வந்தால் ஷெல் இரண்டையும் சேர்த்து விழுங்கிவிடும். லினக்ஸில் கோப்புப் பெயருக்குள் சாய்கோட்டையும் சுழிய பைட்டையும் தவிர எதுவும் வரலாம், வரிமுறிவும் அதில் அடக்கம்.

இதைக் கையால் எழுதவும் தேவையில்லை. பைதன் மொழியில் எஸ்எச்லெக்ஸ் தொகுதியில் கோட் என்ற செயற்பாடு 3.3 பதிப்பிலிருந்து இருக்கிறது. அது ஒற்றைக் குறியைப் பேக்ஸ்லாஷுக்குப் பதில் இரட்டை மேற்கோளுக்குள் வைக்கும், விளைவு ஒன்றுதான். பாஷின் பிரிண்ட்எஃப் கட்டளைக்கு %க்யூ என்ற வடிவம் உண்டு. ஆனால் அதன் விடை பாஷுக்கே உரியது. பெயரில் வரிமுறிவு இருந்தால் டொலரோடு தொடங்கும் ஒரு மேற்கோளைத் தரும், அதை டாஷ் என்ற ஷெல்லின் பெரும்பாலான பதிப்புகள் புரிந்துகொள்ளா. உபுண்டுவில் 2006இல் வந்த 6.10 பதிப்பிலிருந்து புரோகிராம்கள் கூப்பிடும் அடிப்படை ஷெல் டாஷ்தான். எந்த ஷெல் படிக்கப்போகிறது என்று தெரியாமல் மேற்கோள் போடக்கூடாது.

இணையத்தளங்கள் எழுதப் பயன்படும் பிஎச்பி மொழியின் எஸ்கேப்ஷெல்ஆர்க் என்ற செயற்பாடு பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அது பெயரை ஒற்றை மேற்கோளுக்குள் ஒழுங்காகத்தான் வைக்கிறது. ஆனால் சேர்வரின் எழுத்துமுறை அமைப்பு யுடிஎஃப்-8 என்று சொல்லப்படாமல் வெறும் “சி” என்று இருந்தால், ஆங்கிலமல்லாத பைட்டுகளைச் சத்தமில்லாமல் தூக்கி எறிந்துவிடும். “கந்தசாமி.பிடிஎஃப்” என்பதில் நீட்டிப்பு ஆங்கில எழுத்தில் இருப்பதால் அது மட்டும் மிஞ்சும். “செல்வராணி”யின் கோப்புக்கும் அதே கதி. இரண்டு பேரின் பில்லும் ஒரே பெயரில் போய், பின்னால் வந்தது முன்னால் வந்ததை அழிக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. அந்தச் செயற்பாட்டை அழைக்கும் முன் செட்லொகேல் என்ற இன்னொரு செயற்பாட்டின் மூலம் எழுத்து வகையை யுடிஎஃப்-8க்கு மாற்றுவது தமிழ்த் தளங்களுக்குக் கட்டாயத் தேவை. அந்த அமைப்பு சேர்வரில் நிறுவப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அடுத்தது, எத்தனை முறை மேற்கோள் போடுவது என்ற கேள்வி. ஒருமுறை போட்டால் காவல், இருமுறை போட்டால் இரட்டைக் காவல் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. 2016 டிசம்பரில் பிஎச்பிமெயிலர் என்ற, வேர்ட்பிரஸ் உட்படப் பல இடங்களில் பயன்படும் மின்னஞ்சல் நிரலில் நடந்தது இதற்கு நல்ல பதில். அனுப்புநரின் முகவரி, மின்னஞ்சலை அனுப்பும் சென்ட்மெயில் கட்டளைக்குள் போகும் இடத்தில் ஓட்டை இருப்பது தெரியவந்தது. 5.2.18 பதிப்பில் எஸ்கேப்ஷெல்ஆர்க் போட்டு அடைத்தார்கள். ஆனால் பிஎச்பியின் மெயில் செயற்பாடு தன் பங்குக்கு எஸ்கேப்ஷெல்கமாண்ட் என்ற இன்னொன்றை உள்ளே ஏற்கனவே போட்டுக்கொண்டிருந்தது. இரண்டும் மோதியதில் ஓட்டை மறுபடி திறந்தது, 5.2.20 வரை போக வேண்டியிருந்தது. மோதலைக் கிட்டப் பார்க்கலாம். ஒற்றைக் குறி நடுவில் உள்ள ஒரு பெயர் முதல் சுற்றில் இப்படி ஆகிறது:

'அ'\''ஆ'

இது சரியானது. இரண்டாவது செயற்பாடு இதன் மேல் ஓடும்போது பேக்ஸ்லாஷுக்கு முன் இன்னொரு பேக்ஸ்லாஷ் வைக்கிறது. சோடி இல்லாமல் மிஞ்சும் கடைசிக் குறிக்கு முன்னும் ஒன்று வைக்கிறது:

'அ'\\''ஆ\'

இப்போது ஷெல் படிப்பது: மேற்கோளுக்குள் “அ”, ஒரு பேக்ஸ்லாஷ், வெறுமையான ஒரு மேற்கோள், அப்புறம் எந்தக் காவலும் இல்லாமல் “ஆ”. அந்த “ஆ” இருந்த இடத்தில் தாக்குகிறவர் இடைவெளியும் சென்ட்மெயிலின் தெரிவுகளும் (அது எப்படி ஓட வேண்டும் என்று சொல்லும் சொற்கள்) எழுதினார். இரண்டும் தனித்தனியே பார்த்தால் சொன்ன வேலையைச் செய்யும் செயற்பாடுகள்தான்.

ஒரு ஷெல் படிக்கப்போகிறது என்றால் ஒருமுறை. இரண்டு ஷெல் அடுத்தடுத்துப் படிக்கப்போகின்றன என்றால் இரண்டு முறை, உள்ளிருந்து வெளியே. எஸ்எஸ்எச் மூலம் வேறு சேர்வரில் கட்டளை ஓட்டும்போது இந்த இரண்டாவது ஷெல் கண்ணில் படாது. நாம் தனித்தனியாகக் கொடுத்த சொற்களை எஸ்எஸ்எச் இடைவெளி வைத்து ஒரே வரியாக ஒட்டி, தொலைவில் உள்ள ஷெல்லிடம் கொடுக்கிறது. இங்கே போட்ட மேற்கோளை இங்குள்ள ஷெல் கழற்றிவிட்டிருக்கும். அங்கே & சன்ஸ் காவலில்லாமல் போய் இறங்கும். எஸ்எஸ்எச் வழியாகக் கோப்புகளை அனுப்பும் எஸ்சிபியிலும் நெடுங்காலம் இந்தத் தொல்லை இருந்தது. 2022இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 9.0இல் அது எஸ்எஃப்டிபி என்ற வேறொரு கோப்பு அனுப்பும் முறைக்கு மாறிய பிறகு, கோப்புப் பெயர் தொலைவில் உள்ள ஷெல் வழியாகப் போவதில்லை.

மேற்கோள் எல்லாவற்றையும் தீர்க்காது என்பதையும் சொல்ல வேண்டும். கழித்தல் குறியில் தொடங்கும் பெயரை எவ்வளவு நன்றாகச் சுற்றிக் கொடுத்தாலும், வாங்கும் புரோகிராம் அதைத் தனக்கான தெரிவு என்று எடுத்துக்கொள்ளும். 2017 ஓகஸ்டில், நிரல்களின் பதிப்புகளைப் பேணும் கிட் என்ற கருவியில் அப்படி ஒரு ஓட்டை திருத்தப்பட்டது. சேர்வரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கழித்தல் குறியோடு ஒரு எஸ்எஸ்எச் தெரிவை எழுதிவிட்டால் போதும், கட்டளை ஓடும். பல புரோகிராம்களில் இரண்டு கழித்தல் குறிகளைத் தனியாக வைத்தால் அதற்குப் பின் வருவதெல்லாம் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். அல்லது பெயருக்கு முன் புள்ளியும் சாய்கோடும் சேர்த்துக் கொடுக்கலாம். 45/2 என்ற வீட்டு இலக்கத்தின் சாய்கோட்டையும் மேற்கோள் காப்பாற்றாது. அதைத் தடுப்பது கோப்பு முறைமை, ஷெல் அல்ல. வெறுமையான மாறியும் அப்படித்தான். 2015 ஜனவரியில் லினக்ஸில் ஸ்டீம் விளையாட்டு நிரலின் ஸ்கிரிப்ட் ஒன்று பயனரின் கோப்புகளை அழித்த விவகாரத்தில் மாறிக்கு மேற்கோள் போட்டுத்தான் இருந்தது. மாறி வெறுமையாகிவிட்டதால் மிஞ்சியது சாய்கோடும் நட்சத்திரமும், அதாவது டிஸ்க்கின் உச்சியிலிருந்து எல்லாம். மேற்கோளே போடாமல் நடந்ததற்கு 2001 நவம்பரின் ஐடியூன்ஸ் 2.0 நிறுவியைச் சொல்லலாம். டிஸ்க்கின் பெயரில் இடைவெளி வைத்திருந்த சிலர் தரவை இழந்தார்கள், ஆப்பிள் உடனே அதைத் திரும்பப் பெற்று 2.0.1ஐ வெளியிட்டது.

இவ்வளவும் சொன்ன பிறகு, என் முதல் தெரிவு மேற்கோள் போடுவதே அல்ல. ஷெல்லைக் கூப்பிடாமல் இருப்பது. யுனிக்ஸ் இயங்குதளத்தின் மையமான கருநிரல் ஒரு புரோகிராமைத் தொடங்கும்போது ஒரு வரியைக் கேட்பதில்லை. சொற்களின் பட்டியலைத்தான் கேட்கிறது. வரியைச் சொற்களாக வெட்டுவதற்காக மட்டுமே ஷெல் நடுவில் வருகிறது. சொற்கள் நம் கையில் ஏற்கனவே தனித்தனியாக இருக்கும்போது அவற்றை ஒட்டி வரியாக்கி, மேற்கோள் போட்டு, இன்னொருவரிடம் கொடுத்து மறுபடி வெட்டச் சொல்வது வீண் வேலை. பைதனின் சப்பிராசஸுக்கு வரிக்குப் பதில் பட்டியலைக் கொடுக்கலாம். ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடில் எக்செக்குக்குப் பதில் எக்செக்ஃபைல் இருக்கிறது. பிஎச்பி 7.4 முதல் பிராக்ஓப்பனும் பட்டியலை ஏற்கிறது. பட்டியலில் ஒரு உறுப்பாகப் போகும் “கந்தசாமி & சன்ஸ்” மறுபக்கம் அப்படியே வந்து இறங்கும். கழித்தல் குறிப் பிரச்சினை மட்டும் இங்கேயும் தொடரும்.

கடைகளில் காணும் விண்டோஸ் கணினிகளில் இந்த ஆறுதலும் முழுமையானது அல்ல. அங்கே புரோகிராமுக்குப் போவது பட்டியல் அல்ல, ஒரே வரி. அதை வெட்டிக்கொள்வது ஒவ்வொரு புரோகிராமின் சொந்தப் பொறுப்பு. பட்டியலாகக் கொடுத்தாலும் நிரல்மொழியின் நூலகம் உள்ளுக்குள் வரியாக்கித்தான் அனுப்புகிறது. ஒற்றை மேற்கோளுக்கு அங்குள்ள கட்டளை ஷெல்லில் அர்த்தமே கிடையாது. 2024 ஏப்ரலில் ரஸ்ட் மொழி 1.77.2 பதிப்பை அவசரமாக வெளியிட்டது இதனால்தான். கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த பேட்ச் கோப்புகளை ஓட்டும்போது விண்டோஸின் கட்டளை ஷெல் தன் சொந்த விதிப்படி வரியை வெட்டுகிறது. பட்டியலை நம்பி இருந்த வேறு சில மொழிகளிலும் அதே குறை இருந்தது. விண்டோஸில் வெளியிலிருந்து வரும் பெயரைப் பேட்ச் கோப்புக்கு நேரே கொடுக்காமல், பெயரை ஒரு கோப்பில் எழுதி, அதைப் புரோகிராம் தானே வாசிக்கும்படி வைப்பது பாதுகாப்பானது.

சோதிக்கும்போது ஒற்றைச் சொல் பெயர்களை விட்டுவிட்டு, ஊரில் உண்மையில் வரும் பெயர்களைக் கொடுங்கள். & சன்ஸ் ஒன்று, கல்லூரிப் பெயரின் ஒற்றைக் குறி ஒன்று, பாமினியில் அடித்த “கூட்டம்” ஒன்று, கழித்தல் குறியில் தொடங்குவது ஒன்று, வெறுமையான பெயர் ஒன்று, யுனிகோடில் ஆங்கில எழுத்தே இல்லாத தமிழ்ப் பெயர்கள் இரண்டு. ஓட்டி முடித்த பின் பிழைச் செய்தி வந்ததா என்று மட்டும் பார்த்தால் போதாது. போன பெயரையும் வந்த பெயரையும் பைட் பைட்டாக ஒப்பிடுங்கள், கோப்புகளின் எண்ணிக்கையும் சரிதானா என்று எண்ணுங்கள். அந்த இரண்டு தமிழ்ப் பெயர்களும் ஒரே கோப்பாகி இருந்தால் அப்போதுதான் தெரியவரும்.